அமோர் செக்கோ

கஹமார்க்கா, ஞாயிறு

தங்கையே,

நீ அனுப்பிய அமோர் செக்கோ மூலிகைக் கட்டு வந்தது. "ஈரலுக்கு நல்லது, அம்மாவுக்குக் காய்ச்சிக் குடுக்கச் சொல்லு" என்றாயாம். கொண்டுவந்த செனோபியா, "இதுக்குக் காய்ஞ்ச காதல்னு பேரு வச்சவன் உன்னைப் பார்த்துத்தான் வச்சிருக்கான்டி" என்று சிரித்தாள்.

எனக்கு அது என் புருஷன் கால்சட்டையில் ஒட்டிவந்த விதை. மூன்று மாதம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். "சோளக்காட்டு வழியா வந்தேன்" என்பான். அந்தச் செடி உன் கொல்லையில்தான் மண்டிக் கிடக்கிறது. இப்போது அவனும் அங்கேதான் கிடக்கிறான்.

அம்மாவுக்குக் காய்ச்சிக் கொடுத்தேன். யார் அனுப்பியது என்று சொல்லவில்லை. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. உன்னைத்தான் கேட்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நான் சந்தைக்குப் போயிருப்பேன். தனியாக வந்து பார். நான் திரும்பும்போது நீ இருக்கக் கூடாது.

அம்மாவின் மூத்த மகள்