பெயரில்லாத மாப்பிள்ளையின் படம்

வெள்ளவத்தை
12.03.2025

அன்புத் தங்கை சரோஜினிதேவிக்கு,

சாதகக் கட்டுகளோடு கொட்டாஞ்சேனையில் வீற்றிருப்பவளே! திருமணம் பேச உன்னை நம்பி மகள்மாரின் படங்களைத் தந்த அறுபது தாய்மாரின் சார்பில் கேட்கிறேன்: நேற்று உன் எண்ணிலிருந்து வந்த 'மாப்பிள்ளை படம்' என்ன? அது படமன்று, நச்சுநிரல். திறந்தவரின் கைப்பேசியிலுள்ள எண்களுக்கெல்லாம் தானாகவே போகிறது. உள்ளிருக்கும் படங்களையும் களவாடுகிறது என்கிறார் கைப்பேசி திருத்தும் றவூப்.

பெயரையும் ஊரையும் மறைத்து, "முதலில் படத்தைப் பாருங்கோ" என்று அனுப்புவதுதானே உன் வழக்கம்! அதனால்தான் ஒருவரும் ஐயுறவில்லை. உன் கைப்பேசி அணைந்து கிடக்கிறது. ஆகவே, இங்கிருந்து தினமும் வந்து உன் தெருப் பள்ளியில் படிப்பிக்கும் ரொஷேலிடம் இந்தக் கடிதத்தைத் தந்துவிடுகிறேன். தாய்மாருக்கு உண்மையைச் சொன்னாயா?

அண்ணன்,
நாகேந்திரம்

கொட்டாஞ்சேனை
13.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கூட்டத்தில பேசுற மாதிரியே எழுதியிருக்கிறியள். வாசிக்கக் காது அடைச்சுப்போச்சு.

எனக்கும் அது ஒரு தாயின்ர எண்ணிலயிருந்துதான் வந்தது. மாப்பிள்ளை படம் எண்டால் நான் திறக்காமல் விடுவனோ? அது கேட்ட அனுமதிக்கெல்லாம் ஓம் எண்டு அமத்தினனான். ஒருத்தருக்கும் இன்னும் சொல்லேல்லை. சொன்னால், இனி எந்தத் தாய் என்னட்டைப் படம் தருவாள்? இருபது வருசமா ஒரு பிள்ளையின்ர படமும் என்னைத் தாண்டி வெளியில போனதில்லை அண்ணா.

ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உங்கட தமிழ்க் கழகத்துத் தனஞ்சயனுக்கு உங்கட எண்ணிலயிருந்து 'மாப்பிள்ளை படம்' வந்ததாம். அவற்ற மனிசி கோயிலில சொல்லிச் சிரிச்சவ. சாதகம் பாக்கிறது மடமை எண்டு மேடை மேடையாப் பேசுற நீங்கள் அதை ஏன் திறந்தனீங்கள்?

உங்கள் தங்கை,
சரோ

வெள்ளவத்தை
14.03.2025

அன்புத் தங்கைக்கு,

கேட்டுவிட்டாய். சுபோதினிக்கு முப்பத்துநான்கு வயது. உன் எண்ணைக் கண்டதும், என் மகளுக்காகத்தான் அனுப்பியிருக்கிறாய் என்று எண்ணினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடும் பொறுமைகூட இருக்கவில்லை. திறந்தேன்.

இன்று காலை வீட்டுத் தொலைபேசியில் கழகத்தார் நாற்பத்திரண்டு பேரையும் ஒருவர் பின் ஒருவராக அழைத்து இதைச் சொன்னேன். "ஐயா, மாப்பிள்ளை வடிவோ?" என்றார் தனஞ்சயன். பலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அதைத் திறக்காமலே அழித்தார்கள். மூவர் அந்த நேரம் திறக்கவிருந்தவர்கள்.

சுபோதினியிடம் சொன்னதுதான் கடினம். "என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

உன் பெயர் போகும் என்று அஞ்சுகிறாய். போகட்டும்! அந்தப் பெண்களின் முகங்களல்லவா முன்பின் அறியாதவன் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன! நீ வாய் திறக்காத ஒவ்வொரு மணிநேரமும் இன்னொரு தாய் அதைத் திறக்கிறாள். தாய்மாரின் எண்கள் உன் குறிப்புப் புத்தகத்தில் உண்டு. ரொஷேல் தன் கைப்பேசியை உன்னிடம் தருவார், கேட்டிருக்கிறேன். அவர் வாசலில் நிற்கும்போதே, சரோ, முதல் தாயை அழை.

அண்ணன்,
நாகேந்திரம்