நாலாவது மூலை

மார்ச் 4, செவ்வாய்

துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டி எடுக்க எனக்குக் கொடுத்த எட்டு மணி ஸ்லாட்டுக்கு ஆறரைக்கே போய் வண்டியோடு வரிசையில் நின்றேன். கேட்டை நெருங்கும்போது கவுண்டர் அம்மா கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "உங்க பெட்டிக்கு ரிலீஸே வரலையே. ஓரமா நிறுத்துங்க" என்றார். ஓரமாக நின்றதில் ஸ்லாட் போய்விட்டது. ஸ்லாட் தவறினாலோ உள்ளே தப்பு செய்தாலோ நுழைவு பாஸில் ஒரு சிவப்புக் குறி. இது எனக்கு இரண்டாவது. ஆறு மாதத்தில் மூன்று விழுந்தால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள், ஒரு வருஷத்துக்குத் துறைமுகத்துக்குள் கால் வைக்க முடியாது. பதினான்கு வருஷமாக இந்த ஒரு கேட்டை நம்பித்தான் வண்டி ஓட்டுகிறேன்.

பெட்டியை வெளியே விடும் அனுமதியை, அந்த ரிலீஸை, வாங்கிவிட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது என் மச்சினன். ஆபீஸில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புவது அவன்தான். போன் போட்டால், "சிஸ்டம் ஸ்லோ மாமா" என்கிறான். சிஸ்டத்துக்கா குறி விழுந்தது?

வீட்டுக்கு வந்து கத்தினேன். "என்கிட்ட கத்தாதீங்க, நோட்டுல கத்துங்க" என்றாள் மனைவி. கத்தியாகிவிட்டது.

மார்ச் 5, புதன்

புதிதாக நாலு டிரைவர்கள் சேர்ந்திருக்கிறார்களாம். துறைமுகத்தில் பெட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு யோசனைகள் எழுதித் தரச் சொல்கிறான் மச்சினன். "உங்களுக்குத் தெரியாததா மாமா, சுவத்துல ஒட்டிடலாம்."

எழுதினேன். முதல் யோசனை: ஆபீஸில் இருப்பவன் எல்லாம் ரெடி என்றால் நம்பாதே. ரிலீஸ் எண்ணை உன் கண்ணால் பார்க்கும்வரை சாவியைத் தொடாதே.

"இதை எப்படி மாமா ஒட்டறது?" என்கிறான்.

மார்ச் 8, சனி

எழுத உட்கார்ந்தால் எல்லாமே பட்ட அடிகளாக இருக்கின்றன. பெட்டியை ஏற்றியதும் நாலு பக்கமும் போட்டோ எடு. போன வருஷம் யாரோ இடித்த நெளிசலை என் தலையில் கட்டினார்கள், நான் இடிக்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை. பெட்டிக் கதவில் போட்ட சீல் எண்ணைக் கேட் சீட்டோடு ஒத்துப் பார்க்காமல் வெளியே வராதே. வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சீட்டைச் சட்டைப் பையில் வை. ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தால் ஒருநாள் காற்று கொண்டுபோகும், நீ அதைத் துரத்திக்கொண்டு ஓடுவாய், செக்யூரிட்டி உன்னைத் துரத்துவான். கவுண்டரில் குரலை உயர்த்தாதே.

கடைசி வரியைப் படித்துவிட்டு மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

வரிசையில் நாலரை மணி நேரம். எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று அதிர்ஷ்டம், ஆறாவது வரிசையில் பூனை. அந்த கிரேன் ஆபரேட்டருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. இருபது டன் பெட்டியைச் சத்தமே இல்லாமல் டிரெய்லரில் உட்கார வைப்பான். மற்றவர்கள் போட்டால் முதுகெலும்பு அதிரும். பூனையிடம் மாட்டினால் இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம். முப்பது வயது இருக்கும், ஒப்பந்த வேலைதான். மேலேயிருந்து கையை அசைப்பான். இந்தத் துறைமுகத்தில் என்னை மனிதனாக மதிக்கிற ஒரே ஆள்.

யோசனைகளில் இன்று முக்கியமானதை எழுதினேன். காலிப் பெட்டியை இறக்கும்போது பெட்டியை டிரெய்லரோடு பிடித்திருக்கும் நாலு மூலை லாக்கையும் திற. வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றி வா. போனை கேபினில் விட்டுவிடு. நாலும் திறந்த பிறகுதான் தரையில் போட்ட மஞ்சள் கட்டத்தில் நின்று கையைத் தூக்க வேண்டும். கையைப் பார்த்துத்தான் ஆபரேட்டர் தூக்குவான். ஒரு லாக் மாட்டியிருந்தால் பெட்டியோடு வண்டியும் மேலே போகும்.

மார்ச் 17, திங்கள்

இன்று காலிப் பெட்டியை இறக்கப் போனேன்.

மூன்று லாக் திறந்தேன். போன் அடித்தது. மனைவி. குழாய் ஒழுகுகிறதாம், ஸ்பானர் எங்கே என்று கேட்டாள். கட்டிலுக்குக் கீழே என்றேன். இல்லையாம். நல்லா பாரு என்றேன். பேசிக்கொண்டே மஞ்சள் கட்டத்துக்குப் போய்க் கையைத் தூக்கிவிட்டேன். நாலாவது மூலை?

பெட்டி எழும்பியது. டிரெய்லரின் பின்பக்கம் ஒரு முழம் தரையை விட்டுக் கிளம்பியது. வேறு யாராவது மேலே இருந்திருந்தால் வண்டி கவிழ்ந்திருக்கும். இருந்தது பூனை. அந்தக் கணமே நிறுத்தி, நூல் பிடித்த மாதிரி இறக்கினான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

விசாரணை வியாழக்கிழமை. மூன்றாவது குறி. போச்சு. எல்லாம் போச்சு. எழுதி வைத்தவனே நான்தானே. மடையன்.

மார்ச் 18, செவ்வாய்

மச்சினன் வீட்டுக்கு வந்தான். அந்த இடத்துக் கேமராவை அடுக்கி வைத்த பெட்டிகள் மறைத்திருக்கின்றனவாம். விசாரித்துவிட்டான். இதற்கெல்லாம் சிஸ்டம் ஸ்லோ ஆவதில்லை.

"நீங்க கையே தூக்கல மாமா. லாக் திறந்துட்டு இருந்தீங்க, அவன் அவசரப்பட்டுத் தூக்கிட்டான். அவ்வளவுதான்."

"அவன் பாவம்டா."

"அவனுக்கு இது முதல் தடவை. திட்டி விட்டுடுவாங்க. உங்களுக்கு மூணாவது."

மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன் செய்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். நான் அதைச் சொல்லிக் கத்துவேன் என்று நேற்றிலிருந்து காத்திருக்கிறாள்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். கையைத் தூக்கவில்லை என்று.

வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். பூனையை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, நீங்க கை காட்டுனீங்கதானே? நான் பார்த்த மாதிரிதான் இருக்கு. ஆனா நேத்துல இருந்து எனக்கே சந்தேகமா இருக்கு. இப்பல்லாம் கண்ணு சரியில்லையோ என்னவோ."

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

"சரி விடுங்கண்ணே. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்."

உள்ளே அவனிடம் கேட்டபோது, "நிச்சயமா சொல்ல முடியல சார்" என்றான். சந்தேகம் இருந்தால் ஆபரேட்டர் தூக்கக் கூடாது என்பது விதி. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். எனக்குக் குறி இல்லை. அவனைத் திட்டியதோடு விடவில்லை, ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டார்கள். நான் படி இறங்கும்போது மச்சினனிடமிருந்து கட்டை விரல் படம் வந்தது. போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

மனைவி கேட்டாள், "அந்தப் பையன் இனி என்ன பண்ணுவான்?"

"என்னைக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன். அவள் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

எழுத வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஆறாவது வரிசையில் புது ஆபரேட்டர். ஒரு பெட்டியை மூன்று தடவை தூக்கி மூன்று தடவை இறக்குகிறான். ஐந்து மணி நேரம் நின்றோம். எல்லோரும் இறங்கி என் வண்டி நிழலில் கூடினார்கள்.

"கண்ணு போச்சுன்னு பூனையை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். பரிசோதனை பண்ணினா கண்ணு நல்லாத்தான் இருக்காம்" என்றார் பின்வண்டிக்காரர். "எவனோ ஒரு டிரைவர் மாட்டிவிட்டிருக்கான். விளங்குவானா அவன்?"

எல்லோரும் முறை வைத்துத் திட்டினார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். இந்த வரிசையில் என்னை விட நன்றாகத் திட்டத் தெரிந்தவன் யாரும் இல்லை.

"விளங்கவே மாட்டான்" என்றேன்.

பின்வண்டிக்காரர் தோளில் தட்டினார். போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். குடித்தேன்.