பம்பை நிறுத்தச் சொன்னவர்

அன்பு மகனுக்கு,

உன் அப்பாவும் நானும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

கடலுக்கடியில் கம்பெனியின் எண்ணெய்க் குழாய் உடைந்தது உனக்குத் தெரியும். அலை கறுப்பாக வந்து கரையில் அப்பிக்கொள்கிறது, கதவிடுக்கில் துணி செருகியும் நாற்றம் சாப்பாட்டுத் தட்டு வரை வருகிறது. நான் மீன் வெட்டப் போகும் கொட்டகையையும் பூட்டிவிட்டார்கள். "கடலுக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டுட்டாங்க, குளிப்பாட்டத்தான் ஆளைக் காணோம்" என்று என் தம்பி, உன் மாமா, முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவன் படகின் நங்கூரம் மாட்டித்தான் குழாய் உடைந்தது என்று விசாரணைக் குழுவிடம் கம்பெனி சொன்னதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. படகைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள், அடுத்து அவனையே உள்ளே வைப்பார்கள் என்று பேச்சு. ஆனால் அன்றைக்குக் கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும் பம்பு அறையில் இருந்தது உன் அப்பா. மாமா படகை அவிழ்ப்பதற்கு முன்பே அழுத்தம் காட்டும் முள் இறங்கத் தொடங்கிவிட்டதாம். நிறுத்தட்டுமா என்று இவர் மேலாளருக்குப் போன் செய்ததற்கு, "கப்பல் நெரம்பட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம் அவர்.

விசாரணைக்கு முன்னால் கம்பெனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். சட்டை மடிப்புக் கலையாத ஆள். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. சுவரில் இருக்கும் உன் படத்தைப் பார்த்து, "பையன் அங்க நம்ம ஆபீஸ்லதானே இருக்கான்? நல்ல பையன்னு கேள்விப்பட்டேன், நல்லா வரட்டும்" என்றார். விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாழ்த்திவிட்டுத்தான் போனார் கண்ணு, நான்தான் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கூடப்பிறந்தவன், ஒரு பக்கம் பெற்ற பிள்ளை. வாயைத் திறக்காதீர்கள் என்று உன் அப்பாவைக் கெஞ்சினேன். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துத் தரச் சொன்னார். தேய்த்துக் கொடுத்தேன்.

விசாரணை அறையில் கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். "மச்சானைக் காப்பாத்தத்தானே இப்படிச் சொல்றீங்க?" என்று கம்பெனி வக்கீல் மடக்கினார். "என் மகன் உங்க கம்பெனியிலதாங்க வேலை பாக்கிறான். அவனை உங்க கையில வெச்சுக்கிட்டு, உங்களுக்கு எதிரா நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?" என்றார் உன் அப்பா. வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நேற்று முடிவு சொன்னார்கள். நங்கூரத்தின் மேல் தப்பில்லை, தெரிந்தே பம்பை ஓடவிட்ட கம்பெனிதான் கடலையும் கரையையும் சுத்தம் செய்து, பிழைப்புப் போன குடும்பங்களுக்கு ஈடும் தர வேண்டும் என்று. படகின் சங்கிலியை அவிழ்த்ததும் மாமா உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதான். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகிறதாம். இன்று காலை வேலைக்குப் போன உன் அப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதுகூடப் பெரிதில்லை. தெருவில் கார் நின்றால் ஜன்னலுக்கு ஓடுகிறேன், போன் அடித்தால் உனக்கு என்னமோ என்று பதறிப்போய் எடுக்கிறேன். நீ எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே, தனியாகக் கூப்பிட்டால் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போ.

எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல் நீ நன்றாக வாழ வேண்டும். கடிதம் கிடைத்ததும் பேசு, ஆபீஸ் போனிலிருந்து வேண்டாம். அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள் என்றால், உனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று சொல்லிவிடு, நாங்கள் மனதில் வைத்துக்கொள்ள மாட்டோம். இந்த வரியைப் படித்துவிட்டு, "அவன் அப்படிச் சொல்லமாட்டான், அடிச்சிடு" என்றார் உன் அப்பா. நான் அடிக்கவில்லை.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா