குதிரை பின்னாலும் போகும்

எப்போதும்வென்றான்,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மதினிக்கு,

சுடலைக்குமார் அண்ணனின் தங்கை ப்ரியதர்ஷினி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதமே.

உங்கள் ஓசூர் முகவரி, பொங்கலுக்கு அம்மாவுக்குச் சேலை வந்த பார்சலின் மேல் இருந்தது. அந்த அட்டையைக் கிழித்து எடுத்து வைத்திருந்தேன். உங்கள் பெயர் வனிதா என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அண்ணனோடு கோவில்பட்டியில் ரயில் ஏறிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கடித உறையில் எழுதும்போதுதான் நானே முதல்முறையாக எழுதுகிறேன்.

மதினி, செல்போன் செஸ்ஸில் அண்ணன் பெயரில் என்னோடு ஆடுவது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை. தயவுசெய்து கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் மேலே படியுங்கள்.

அண்ணன் ஊரைவிட்டுப் போனபோது தன் பழைய போனை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அவனோடு யாரும் பேசக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில், முன்பு நாங்கள் ஆடிக்கொண்டிருந்த செஸ் ஆப்பில் அண்ணனிடமிருந்து ஆட வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஒரு காயை நகர்த்த பத்து நாள் வரை அவகாசம் உள்ள ஆட்டம். நான் பயந்துபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒங்கப்பா பேசக் கூடாதுன்னுதானே சொன்னாவ, ஆடக் கூடாதுன்னு சொல்லலையே” என்றாள். அன்றிலிருந்து ஆடுகிறோம். ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ஆப்பில் எழுதிப் பேசுகிற வசதி உண்டு. கண்டவர்களும் கண்டதை எழுதுகிறார்கள் என்று அண்ணன்தான் எனக்கு அதை மூடி வைத்திருந்தான். திறக்கத் தெரியும். திறந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்த ஆட்டம்தான் அண்ணனைப் பற்றிய தகவல். நான் புதியம்புத்தூரில் தையல் கம்பெனிக்குப் போகிறேன். சட்டைகளில் நூல் பிசிர் வெட்டும் வேலை. சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், “ஏட்டி, அவன் காய நகத்திட்டானா?” என்று அம்மா கேட்பாள். நகர்த்திவிட்டான் என்றால் நல்லபடியாக இருக்கிறான் என்று கணக்கு. அதிலும் எந்தக் காய் என்று கேட்பாள். குதிரை என்றால், “தெம்பாத்தான் இருக்கான்” என்பாள். சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருக்கிறான் என்றால், “என்ன, சோறு திங்கானா இல்லையா?” என்று முகம் வாடிவிடும். அம்மாவுக்காக நான் சில நாள் சிப்பாயைக் குதிரை என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா கேட்கும்போது அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பார். எதுக்குக் குறைச்சிய என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள். “மழை தூறுதோன்னு பாத்தேன்” என்றார். அது சித்திரை மாதம்.

இப்போது நான் உங்களை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். போன கார்த்திகை வாக்கில் ஒரு ஆட்டத்தில் அண்ணன் ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாய்க்கு முன்னால் நிறுத்தினான். சும்மா எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் அப்படி நிறுத்தினால் பின்னால் ஏதாவது கண்ணி இருக்கும். ஒருநாள் முழுக்க யோசித்தேன். பிசிர் வெட்டுகிற கத்திரியால் காலரையே வெட்டிவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். பயந்து எடுக்காமல் விட்டுவிட்டேன். அடுத்த தடவையும் ராணி அங்கேயே நின்றது. கண்ணி எதுவும் இல்லை.

தங்கச்சி பாவம் என்று விட்டுக்கொடுக்கிறான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் விட்டுக்கொடுக்கிறவன் ஆட்டம் வேறு மாதிரி இருக்கும். உங்கள் குதிரை முன்னால்தான் போகும், ஒருபோதும் பின்னால் திரும்பாது. பின்னால் வந்தால் தப்பிக்கலாம் என்கிற இடத்திலும் அது நின்று வெட்டுப்படும். புதிதாக ஆடுகிற எல்லோரும் அப்படித்தான். குதிரை பின்னாலும் போகும் என்று அவர்களுக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நானும் ஒரு வருஷம் அப்படி ஆடியிருக்கிறேன்.

இன்னொன்று, ராஜா. அண்ணன் ராஜாவை யானைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தவே மாட்டான். “ராஜா எதுக்குட்டி ஒளியணும்?” என்பான். அதனாலேயே நிறையத் தோற்பான். நீங்கள் வழி கிடைத்ததும் முதல் வேலையாக ராஜாவை மூலைக்கு அனுப்பி, முன்னால் மூன்று சிப்பாய்களை வைத்துக் கதவை மூடிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் காய்களுக்கு மூச்சே வருகிறது. இது அண்ணன் இல்லை, வீட்டுக்குள் இருக்கிற யாரோ என்று அப்போது தோன்றியது. அதோடு காய் நகர்வது காலை பதினோரு மணி வாக்கில். அந்த நேரத்தில் அண்ணன் கம்பெனியில் அல்லவா இருப்பான்.

அண்ணன் ஏதோ காரணத்தால் ஆடுவதை விட்டிருப்பான். நேரம் முடிந்து ஆட்டம் அறுந்துபோய்விடக் கூடாதே என்று நீங்கள் தெரிந்ததும் தெரியாததுமாக ஒரு காயைத் தொட்டிருப்பீர்கள். நான் நினைப்பது சரியா?

தெரிந்த பிறகும் நான் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, மதினி. கம்பெனியில் முப்பது பெண்கள் இருக்கிறார்கள். வேனில் பாட்டும் சிரிப்புமாகத்தான் போவார்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காற்றாலைக் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டு போவேன். பத்தாவது முடித்ததும் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது. சமைக்க ஆளில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். அம்மா எழுந்து நடமாடிய பிறகும் நான் போகவில்லை. எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்று அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உங்கள் ஒவ்வொரு காயும் என்னிடம் கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது.

ஆடியில் என் ராஜாவையும் யானையையும் ஒரே குதிரையால் பிடித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? குதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்து பிடித்தீர்கள். வேனில் போனைப் பார்த்துக்கொண்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பேச்சித்தாய் அக்கா, “யாருட்டி அவன்?” என்றாள். அண்ணன் என்றேன். “எந்த ஊர்லட்டி அண்ணனுக்கு இப்படிச் சிரிக்காளுவ?” என்று வேன் முழுக்கச் சொல்லிக் கேலி செய்தாள். நான் தோற்றுப்போய்ச் சந்தோஷப்பட்ட ஒரே ஆட்டம் அது.

இப்போது நீங்கள் நன்றாக ஆடுகிறீர்கள். முகத்துக்கு நேராக என்றால் எனக்குச் சொல்ல வராது, கடிதம் என்பதால் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செக் வைக்க முடிகிறது என்பதற்காக வைக்காதீர்கள். அது எனக்குத்தான் வசதி, என் ராஜா நல்ல இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு சிப்பாயைக் காப்பாற்ற மூன்று காய்களைக் காவல் வைக்கிறீர்கள். பிறகு அந்த மூன்றும் வேறு வேலை பார்க்க முடிவதில்லை. ஒரு சிப்பாய் போனால் போகட்டும் என்று விட வேண்டும். ராணிக்கு ராணி வெட்டிக்கொள்ளலாம் என்று நான் வந்தால் ஓடிவிடுகிறீர்கள். உங்களிடம் காய் அதிகமாக இருக்கும்போது வெட்டிக்கொண்டால் உங்களுக்குத்தான் லாபம்.

முக்கியமானது, தோற்கப்போகிறோம் என்று தோன்றியவுடன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள். ஆவணியில் நீங்கள் விட்டுக்கொடுத்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நான் ஒரு தப்பு செய்திருந்தால் உங்கள் ராஜாவுக்குச் செக்கும் இல்லாமல் போக இடமும் இல்லாமல் ஆட்டம் சமமாகியிருக்கும். நான் அந்தத் தப்பைச் செய்யக்கூடிய ஆள்தான். அப்புறம், காய்கள் குறைந்துவிட்டால் ராஜாவை மூலையிலேயே வைத்திருக்கக் கூடாது, நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது வெளியே அவ்வளவு ஆபத்து இருக்காது. நீங்கள் கடைசி வரை கதவைத் திறப்பதே இல்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். புரட்டாசிக் கடைசியில் எனக்கு ஒரு தைரியம் வந்தது. ஆப்பில் என் பெயருக்குக் கீழே இரண்டு வார்த்தை எழுதலாம். நீங்கள் போனைத் திறக்கிற பதினோரு மணிக்கு முன்னால் “வணக்கம் மதினி” என்று எழுதி வைத்தேன். சாயங்காலம் அழித்துவிட்டேன். நீங்கள் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அன்றிலிருந்து உங்கள் காய் நகரவில்லை. உங்களைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துத்தான் எழுதினேன். என்னிடம் யாராவது திடீரென்று நேராகப் பேசினால் நானும் உள்ளே ஓடிவிடுவேன். அதை யோசிக்காமல் போனேன்.

முதல் நாள் அம்மா கேட்டபோது, இன்னும் நகர்த்தவில்லை என்றேன். மறுநாள் வேலை அதிகமாக இருக்கும் என்றேன். அதற்கு மறுநாள் அம்மா சாப்பிடவில்லை. “எம் மவனுக்கு என்னமோ ஆயிட்டு. ரோட்டுல கீட்டுல அடிபட்டுக் கெடக்கானோ” என்று ஆரம்பித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை மாதம் ஆடியது அண்ணன் இல்லை, மதினி என்று.

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “அப்போ எம் மவன் ஆடவே இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து நீங்கள் அனுப்பிய சேலையை மடியில் வைத்துக்கொண்டு, “இதப் பாத்தப்பவே நெனச்சேம்ட்டி. அவன் எடுத்தா செவப்பும் மஞ்சளுமா கண்ணப் பறிக்கும். இது பொம்பளப் பிள்ள எடுத்தது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “பகல்ல அவளுக்குப் பேச ஆள் இல்லையோ?” என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் நான் வேனை விட்டு வந்ததும், “அந்தப் பிள்ள நகத்திட்டாளா?” என்று கேட்டாள். அப்பா எப்போதும் போல டிவி சத்தத்தைக் குறைத்தார். “எந்தப் பிள்ள?” என்றார். அவர் இதைப் பற்றி வாய் திறந்து கேட்டது அதுதான் முதல்முறை. அம்மா அவரைப் பார்க்காமலே, “ஒங்க மருமவ” என்றாள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டவில்லை. மறுநாள் விடியுமுன்பே மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கக் காட்டுக்குப் போய்விட்டார். இந்த வருஷம் படைப்புழு அதிகம். மழையும் போக்குக் காட்டுகிறது.

இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் அந்த ஆட்டம் நேரம் முடிந்து நான் ஜெயித்ததாகக் காட்டியிருக்கும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. புதிதாக ஒரு ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறேன். வெள்ளைக் காய் உங்களுக்கு. அண்ணன் நலமாக இருந்தால் ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை நகர்த்துங்கள், அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவனுக்கு உடம்பு சரியில்லை என்றாலோ, வேலை போய்விட்டது என்றாலோ, எங்கள் மேல் கோபமாக இருக்கிறான் என்றாலோ அதை இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அம்மாவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களைப் பற்றியும் எழுதுங்கள். அம்மா அதையும் கேட்பாள்.

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். நான் உங்களுக்குத்தான் எழுதினேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மதினி. எப்போதாவது நாம் நேரில் பார்த்தால் எனக்கு ஒரு வார்த்தையும் வராது. இவ்வளவு எழுதியவளா இப்படி நிற்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். கதவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அதைப் பிடிக்காமல் நிற்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள்தான் மூத்தவர். நீங்களே முதலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நீங்கள் இருவரும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொள்ளும்,

உங்கள் நாத்தனார்,
த. ப்ரியதர்ஷினி