முதுகுக்கு எழுதிய வசனம்

கீழ்பென்னாத்தூர்
9.10.2025

அருணாதேவிக்கு ராஜேந்திரன் எழுதுவது.

இங்கு நலம். வேங்கிக்காலில் நீயும் நலமாக இருப்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

நீ தமிழ் வசனம் எழுதும் வைக்கிங் தொடரை நானும் தங்கை சரசுவும் விடாமல் பார்க்கிறோம். "யாரு மேல ஆசை வெக்கிறமோ அவனையே சாவடிக்கறாங்கண்ணா, ஜாஸ்தி திமிரு இவங்களுக்கு" என்று திட்டிக்கொண்டே பார்ப்பாள்.

நேற்று படகுக்காரன் ஹால்வோரின் மகன் காய்ச்சலில் செத்தான். பனியில் அவனைப் புதைத்துவிட்டு, நமக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "அவனுக்குக் குளிருமே" என்றான் ஹால்வோர். நான் டிவியை நிறுத்திவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் நம் மகன் இனியனை மல்லாட்டைக் கொல்லையில் மழையோடு புதைத்தபோது நான் சொன்னது அது. குழி வெட்டிய மணிவேலுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவன் உன்னிடம் சொல்ல, நீ ஊர் பார்க்க வைத்துவிட்டாய். இது நியாயமா?

ராஜேந்திரன்

வேங்கிக்கால்
14.10.2025

அன்புள்ள உங்களுக்கு,

மணிவேலைத் திட்டாதீர்கள். அவரைப் பார்த்தே நான்கு வருடமாகிறது.

அந்த இடத்தில் மூலத்தில் வசனமே இல்லை. வாய் தெரிந்தால் உதட்டசைவுக்குத்தான் எழுத வேண்டும். முதுகு தெரிந்தால் நாமாக ஒரு வரி சேர்க்கலாம். இந்தக் கதாசிரியர்கள் சீசனுக்கு மூன்று பேரைக் கொல்கிறார்கள். அழ மட்டும் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை.

அன்று பெண்கள் வரக்கூடாது என்று என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போன உங்கள் முதுகைத்தான் பார்த்தேன். மறுநாள் விடியலில், கடலைச் செடி அழுகிவிடுமென்று, மண்வெட்டியோடு மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் வடிக்கப் போனீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கல்மனது என்று முடிவுகட்டிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தேன்.

ஹால்வோரின் முதுகை மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை எழுதினேன். சொன்னீர்கள் என்று சத்தியமாகத் தெரியாது.

மூலத்தில் இல்லாத வரி, மறுஒளிபரப்பில் எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். உங்களுக்கு வலித்தால் எடுத்துவிடச் சொல்கிறேன்.

அருணாதேவி

கீழ்பென்னாத்தூர்
18.10.2025

அருணா,

இருக்கட்டும். எடுக்க வேண்டாம்.

அன்று திரும்பி வந்து உன்னிடம் சொல்லத்தான் நினைத்தேன். நீ கதவைச் சாத்தியிருந்தாய். வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். தட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் தண்ணீர் வடித்தது மல்லாட்டைக்காக இல்லை. அவன் மேல் தண்ணீர் நின்றது.

ஹால்வோராவது பிழைப்பானா என்று சரசு கேட்கிறாள்.

ராஜேந்திரன்

வேங்கிக்கால்
24.10.2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், பிரிக்காத மாதிரி மடித்து, மறுபடி பிரித்துப் படித்தேன்.

ஹால்வோர் கடைசி எபிசோடில் சாகிறார். சரசுவிடம் சொல்லாதீர்கள். அவர் சாவை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது. மறுநாள் வியாழக்கிழமை காலையில் வருகிறேன். இனியன் இருக்கும் இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வரப்பில் நான் முன்னால் நடக்கிறேன். பின்னாலிருந்து நீங்கள் வழி சொல்லிக்கொண்டே வாருங்கள்.

அருணா