ஜாக்கெட் காயும் வரை

தம்பி, குளியலறைக் கதவில் தொங்கும் உன் தோல் ஜாக்கெட்டைத் தொடாதே. பூசிய கிரீம் இன்னும் ஊறவில்லை. சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போட்டாயோ, பலகை மாதிரி விறைத்துப்போகும்.

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தைச் சோற்றில் காட்டாதே.

நேற்று, "என்னைக் கேக்காம என் வண்டிய விக்கப் பாக்கறியா?" என்று குதித்தாய். விடிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஜாக்கெட்டை எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். காலர் அழுக்கு லேசில் போய்விட்டது. நீ வண்டியிலிருந்து விழுந்தபோது ரோட்டில் உரசிய முழங்கைதான் கிரீமைக் குடித்துக்கொண்டே இருந்தது. ஜாக்கெட் இல்லாவிட்டால் அது உன் தோல் என்று நினைத்தேன். இன்னொரு தடவை பூசினேன்.

மத்தியானம் மெக்கானிக் அண்ணன் வருவார். நீ நினைத்ததுபோல் வண்டியை வாங்க இல்லை, பிரேக் பார்க்க. அவரிடம் எரிந்து விழாதே. பஸ்ஸுக்கு நேரமாகிறது.

அக்கா

நான் ஒளித்துவைத்த வண்டிச் சாவிக்காக அலமாரியைக் கலைக்காதே. ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் போட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. கிரீமை வேண்டுமென்றேதான் அப்பிவைத்தேன். ஜாக்கெட் போடாமல் நீ வண்டியில் ஏறமாட்டாய், அது சாயங்காலம்தான் காயும். அதற்குள் வந்துவிடுவேன். விழுந்து எழுந்தபின் முதல் தடவை தனியாகப் போகாதே. பின்னால் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.