தம்பிக்குக் கொடுத்த பை

1994 நவம்பர், செவ்வாய் இரவு

பாபநாசம் அணையைத் திறந்துவிட்டார்கள், மேட்டுக்குப் போங்கள் என்று சாயங்காலம் ஜீப்பில் சொல்லிப்போனார்கள். உடனே கரண்டும் போனது. டார்ச், தீப்பெட்டி, மகளின் மூச்சிழுப்பு மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டியிருந்தேன். கை வைத்தால் வெறும் ஆணி.

"தம்பி சாத்தான்குளத்துக் கல்யாணத்துக்குப் போக பை கேட்டான், கொடுத்துட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். உள்ளே இருந்த சாமான்? "அங்கனதான் எங்கயோ கொட்டுனேன்."

இருட்டில் துழாவுவதற்குள் மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மாத்திரை கட்டிலுக்கடியில் கிடந்தது. போட்டதும் மெல்லத் தணிந்தது.

நாங்கள் கிளம்புவதற்குள் ஆற்றுத் தண்ணீர் தெருமுனையோடு நின்றுவிட்டது. "அதான் தண்ணி வரலல்லா, பொறவு எதுக்கு கத்துத?" என்கிறார்.

நான் சோறு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார். மகளுக்கும் ஊட்டினார். அதைப் பார்த்து எரிச்சல் குறைந்ததா என்றால், இல்லை.